பாங்கு கேட்கும் தூரத்தில் இருந்துகொண்டு இஸ்லாத்தைக் கற்பது

ராமநாதபுரம் கடற்கரையில் பிறந்த கிறிஸ்தவர்களாகிய நாங்கள், முஸ்லிம்களை எங்களுக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கீழக்கரைத் தொதல் தெரியும். நோன்புக் கஞ்சியின் ருசி தெரியும். ஏர்வாடி சந்தனக்கூடு தெரியும். வாப்பா, உம்மா, காக்கா, லாத்தா என்று யாரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியும். வளைகுடாவிலிருந்து யார் வீட்டுப் பிள்ளை எப்போது ஊருக்கு வருகிறது என்பதுகூடத் தெரியும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தினமும் ஐந்து வேளைத் தொழுகையில் என்ன ஓதுகிறார், இயேசுவைப் பற்றி அவருடைய வேதம் என்ன சொல்கிறது, சிலுவையை அவர் ஏன் ஏற்பதில்லை என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் வராது. பழகிய முகம் என்பதாலேயே கேட்கத் தோன்றாமல் போய்விட்டது.

இந்த அறியாமை இருபக்கமும் ஒரே அளவில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தக் கரையின் முஸ்லிம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவப் பள்ளிகளில் படித்திருக்கிறார்கள். ராமேஸ்வரத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாம் ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியிலும், பிறகு திருச்சி புனித வளனார் கல்லூரியிலும் படித்தவர். ஒன்று ஒரு ஜெர்மானிய புராட்டஸ்டண்ட் மிஷனரியின் பெயரைத் தாங்கியது. மற்றது இயேசு சபையாருடையது. கான்வென்ட்டில் படித்த முஸ்லிம் பெண்களுக்குக் காலை வழிபாட்டில் கேட்டே நம் செபங்கள் பாதி மனப்பாடம். அவர்கள் ஓதும் ஒரு வரிகூட நமக்குத் தெரியாது. ஆக, இந்த உறவில் கற்க வேண்டிய கடன் இப்போது நம் பக்கம்தான் அதிகம்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. இந்தக் கரையில் கத்தோலிக்கம் வேரூன்றிய கதையிலேயே முஸ்லிம்களோடு ஒரு சண்டை இருக்கிறது. 1530களில் முத்துக்குளித்துறையில் பரதவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே முத்துக்குளிப்பு உரிமை பற்றிய பகை முற்றியிருந்தது. பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடினார்கள். அதனுடன் திருமுழுக்கும் வந்தது. 1538இல் மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேதாளையில் மார்த்திம் அபோன்சோ டி சூசாவின் போர்த்துகீசியப் படை, கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியின் பக்கம் நின்ற முஸ்லிம் மரைக்காயர்களின் கடற்படையைத் தோற்கடித்தது. நான்கு ஆண்டு கழித்து, 1542இல்தான் சவேரியார் வந்தார். 1549இல் அதே வேதாளையில் அந்தோனியோ கிரிமினாலி என்ற இயேசு சபைக் குருவைத் தெலுங்கு பேசும் வடுகப் படையினர் கொன்றார்கள். அந்தச் சபையின் முதல் மறைசாட்சி என்று அவரைச் சொல்வார்கள்.

இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. நம் பங்குகளில் சவேரியார் கதை சொல்லப்படும்; அதற்கு முன்னால் இருந்த கடல் வணிகப் போட்டி சொல்லப்படாது. அது தெரியாதவருக்கு, முஸ்லிம்கள் மீதான பழைய பயமும் சந்தேகமும் ஏதோ விசுவாசத்தின் ஒரு பகுதி போலத் தோன்றும். அவை விசுவாசத்திலிருந்து வந்தவை அல்ல. முத்துச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கிலிருந்து வந்தவை.

அடுத்த நூற்றாண்டின் கதை வேறு மாதிரி. ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் காலம். கீழக்கரையின் பெரும் வணிகர் சீதக்காதி, 'செத்தும் கொடுத்தான்' என்று இன்றும் ஊர் சொல்லும் வள்ளல், அந்தச் சேதுபதிக்கு நெருக்கமானவர். அதே சேதுபதியின் ஆட்சியில்தான் லிஸ்பனில் பிறந்த இயேசு சபைக் குரு அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். மறவர் தலைவர் தடியத் தேவர் அருளானந்தரிடம் திருமுழுக்குப் பெற்று, ஒருத்தியை மட்டும் மனைவியாக வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுக்காரப் பெண். அரண்மனைக் கோபம் அங்கிருந்து கிளம்பியது. இதில் முஸ்லிம்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. ஒரே அரசரின் கீழ் ஒரு முஸ்லிம் வணிகர் செல்வாக்கோடு இருந்தார், ஒரு கிறிஸ்தவத் துறவி உயிரை விட்டார் என்பதை ஓரியூர் திருவிழாவுக்குப் போகிறவர்கள் சேர்த்து யோசித்துப் பார்த்தால், சேதுநாட்டு வரலாறு ஒரே கோட்டில் போகவில்லை என்பது புரியும்.

சீதக்காதி ஆதரித்த உமறுப் புலவர்தான் சீறாப்புராணம் பாடினார். நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைச் சொல்லும் 5,027 பாடல்கள்; விலாதத்து (பிறப்பு), நுபுவ்வத்து (நபித்துவம்), ஹிஜ்றத்து (மதீனாவுக்குப் பெயர்ந்தது) என்று மூன்று காண்டங்கள். அரபு மூலங்களில் இருந்த செய்திகளைக் கீழக்கரை சதக்கத்துல்லா அப்பா வழிவந்த ஆலிம்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) கேட்டறிந்து, தமிழ்க் காப்பிய மரபில் நாட்டுப் படலம், நகரப் படலம் என்று வைத்துப் பாடியிருக்கிறார். அரபு நாட்டில் மழை பெய்து, வெள்ளம் ஓடி, வயல் விளைகிறது. அடுத்த தலைமுறையில் வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதேயாவுக்கும் இதையேதான் செய்தார்: சூசையப்பரின் ஊருக்குத் தமிழ்நாட்டு நீரும் நிலமும் கிடைத்தன. தேம்பாவணி ஓரளவு படித்த கிறிஸ்தவர் ஒருவர் சீறாவை எடுத்தால் அந்நியமாக உணர மாட்டார். நபிகள் நாயகத்தின் வாழ்வைத் தெரிந்துகொள்ள நம் கரையிலேயே பிறந்த ஒரு நல்ல வாசல் அது. ஆனால் சீறா ஒரு காப்பியம். இஸ்லாத்தின் நம்பிக்கை எது என்று தெரிய குர்ஆனிடம்தான் போக வேண்டும்.

குர்ஆனைத் திறக்கும் கிறிஸ்தவர் முதலில் தடுக்கி விழுவது அதன் அமைப்பில். ஆதியாகமத்தில் தொடங்கித் திருவெளிப்பாட்டில் முடியும் வேதத்தைப் படித்துப் பழகிய கண்ணுக்கு, குர்ஆன் முன்னும் பின்னுமாக இருக்கும். 114 அத்தியாயங்கள், முதல் சிறு அத்தியாயத்தை விட்டால், பெரும்பாலும் நீளமானவை முன்னால், குட்டையானவை பின்னால். மூசா நபியின் கதை ஓரிடத்தில் கொஞ்சம், இன்னோரிடத்தில் கொஞ்சம் என்று வரும். கதை சொல்வது அதன் நோக்கமும் இல்லை. அது இறைவனே நேரடியாகப் பேசுவது என்று முஸ்லிம்கள் நம்புகிறார்கள்; கேட்பதற்காக, ஓதுவதற்காக இறங்கியது என்று நம்புகிறார்கள்.

அதைவிட ஆழமான தடுமாற்றம் ஒன்று உண்டு. நம்மிடம் இயேசு இருக்கிறார், பைபிள் இருக்கிறது. அவர்களிடம் முகம்மது நபி இருக்கிறார், குர்ஆன் இருக்கிறது. ஆகவே இயேசுவுக்கு நேரே நபியை வைத்து, பைபிளுக்கு நேரே குர்ஆனை வைத்து ஒப்பிட்டால் போதும் என்று தோன்றும். இந்த ஒப்பீடுதான் பாதிச் சச்சரவுக்குக் காரணம். கிறிஸ்தவ நம்பிக்கையில் கடவுளின் வார்த்தை மனிதரானது. யோவான் நற்செய்தியின் தொடக்கமே அதுதான். இஸ்லாத்தில் இறைவனின் வார்த்தை குர்ஆனாக இறங்கியது. நமக்கு இயேசு எந்த இடத்தில் இருக்கிறாரோ, அந்த இடத்துக்கு அருகில் அவர்களிடம் இருப்பது குர்ஆன். நபிகள் நாயகம் அந்த வார்த்தையைப் பெற்று மக்களுக்குச் சேர்த்தவர், அதன்படி வாழ்ந்து காட்டியவர். அவரை யாரும் வணங்குவதில்லை. இது புரிந்துவிட்டால் குர்ஆனை ஏன் ஒளு (கை, கால், முகம் கழுவும் சுத்தம்) இல்லாமல் தொடத் தயங்குகிறார்கள், ஏன் தரையில் வைக்க மாட்டார்கள், ஏன் பொருள் முழுதும் தெரியாத குழந்தைகூட அதை அரபியிலேயே ஓதக் கற்கிறது என்பதெல்லாம் தானாக விளங்கும். அவர்கள் வீட்டுக் குர்ஆன் மேல் டீ டம்ளரை வைப்பவர், நற்கருணைப் பேழைமேல் வைத்ததற்குச் சமமான காரியத்தைச் செய்கிறார்.

தொழுகைக்கு வருவோம். சுபுஹு, லுஹர், அஸர், மஃரிப், இஷா: ஐந்து வேளை. கடமையான ரக்அத்துகள், அதாவது தொழுகைச் சுற்றுகள், வரிசையாக 2, 4, 4, 3, 4. மொத்தம் 17. ஒவ்வொரு ரக்அத்திலும் குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஃபாத்திஹா ஓதப்படுவதால், தவறாமல் தொழும் முஸ்லிம் ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 17 முறை அதைச் சொல்கிறார். ஏழே வசனங்கள். நம்முடைய 'எங்கள் தந்தையே' செபத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாள் மெதுவாகப் படித்துப் பாருங்கள். இரண்டும் துதியில் தொடங்குகின்றன. ஒன்றில் உமது அரசு வருக என்று வேண்டுகிறோம். மற்றதில் இறைவன் தீர்ப்பு நாளின் அதிபதி என்று அறிக்கையிடுகிறார்கள். நாம் அன்றாட உணவையும் மன்னிப்பையும் கேட்கிறோம்; அவர்கள் ஒன்றே ஒன்றைக் கேட்கிறார்கள்: நேரான வழியைக் காட்டு. இரண்டிலும் 'நான்' இல்லை, 'நாங்கள்'தான்.

ஆனால் நம் செபத்தின் முதல் விளிப்பு அவர்களுடையதில் கிடையாது. இறைவனுக்கு 99 திருநாமங்கள் சொல்லும் மரபில் 'தந்தை' என்ற பெயர் இல்லை. காரணம் 112ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது, நான்கு வசனங்களில்: அல்லாஹ் ஒருவன், அவன் எந்தத் தேவையும் இல்லாதவன், அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவுமில்லை, அவனுக்கு நிகர் எவருமில்லை. நாம் 'தந்தை' என்னும்போது நினைப்பது நெருக்கத்தை. அவர்கள் அதில் கேட்பது படைத்தவனையும் படைக்கப்பட்டதையும் ஒன்றாக்கிவிடும் ஆபத்தை. நெருக்கம் அவர்களிடமும் உண்டு. பிடரி நரம்பைவிட அருகில் இருக்கிறான் என்று குர்ஆனே சொல்கிறது. அதைச் சொல்ல அவர்கள் தேர்ந்த வழி வேறு, அவ்வளவுதான்.

அல்ஃபாத்திஹாவின் கடைசி வசனத்தை மூடி மறைக்க வேண்டியதில்லை. கோபத்துக்கு ஆளானவர்களின் வழி வேண்டாம், வழிதவறியவர்களின் வழி வேண்டாம் என்று அது முடிகிறது. முதலாவது யூதர்களைக் குறிக்கும், இரண்டாவது கிறிஸ்தவர்களைக் குறிக்கும் என்று பழைய விரிவுரைகள் பல எழுதியிருக்கின்றன. அந்தத் தன்மை யாரிடம் இருந்தாலும் அவரைக் குறிக்கும் என்று பொதுவாக விளக்குகிறவர்களும் இன்று பலர். இதைப் படிக்கும் கிறிஸ்தவருக்கு வலிக்கலாம். வலித்தால், நம் பெரிய வெள்ளி வழிபாட்டில் யூதர்களைத் துரோகிகள் என்ற பொருளில் சுட்டிய ஒரு சொல் 1959 வரை இருந்தது, அதைத் திருத்தந்தை 23ஆம் அருளப்பர்தான் எடுத்தார் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பழைய மரபுள்ள எந்த மதத்திலும் பிறரைப் பற்றிய கடினமான வரிகள் உண்டு. அவற்றை அந்த மதத்தாரே இன்று எப்படி வாசிக்கிறார்கள் என்று கேட்டறிவதுதான் மரியாதை.

இனி ஈசா நபி; இயேசுவை முஸ்லிம்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். கீழக்கரையில் ஒரு நோன்பு மாதத்தில் கஞ்சி வாங்க வந்த பெண்களோடு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிவாசலில் பெரிய சட்டியில் அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, கறி, கடைசியில் தேங்காய்ப்பால் என்று கஞ்சி தயாராகி, அஸர் தொழுகை முடிந்ததும் தூக்குவாளிகள் வரிசை கட்டியிருந்தன. வரிசையில் நின்ற பிள்ளைகளில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். யார் எவர் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் ஊற்றினார்கள். பேச்சுவாக்கில், "லாத்தா, நீங்க இயேசுவை நம்புவீங்களா?" என்று கேட்டேன். அந்த அம்மா கொஞ்சம் திகைத்தார். "என்னம்மா இப்படிக் கேட்டுட்டே? ஈசா நபியை நம்பலேன்னா நாங்க முஸ்லிமே இல்லையே" என்றார். அவர் சொன்னது இஸ்லாத்தின் அடிப்படைச் சட்டம். எல்லா நபிமார்களையும் நம்புவது ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், பகுதி. அதில் ஒருவரை மறுத்தாலும் அது முழுமையாகாது.

குர்ஆனில் பெயர் சொல்லப்படும் ஒரே பெண் மர்யம். 19ஆம் அத்தியாயம் அவர் பெயரையே கொண்டது. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் போலவே இதுவும் முதுமையில் பிள்ளை கேட்கும் செக்கரியாவில், அவர்கள் சொல்லும் ஸக்கரிய்யாவில், தொடங்குகிறது. பிறகு வானதூதர் வருகிறார், கன்னி கருவுறுகிறார். அங்கிருந்து பாதை பிரிகிறது. பெத்லகேம் இல்லை, மாட்டுத்தொழுவம் இல்லை, சூசையப்பர் இல்லை. மர்யம் தனியாகத் தொலைவான இடத்துக்குப் போகிறார். பேறுகால வலி அவரை ஒரு பேரீச்ச மரத்தடிக்குத் தள்ளுகிறது. "இதற்கு முன்பே நான் இறந்து, அடியோடு மறக்கப்பட்டிருக்கக் கூடாதா" என்று கதறுகிறார். கவலைப்படாதே, உன் காலடியில் இறைவன் ஓடையை உண்டாக்கியிருக்கிறான், மரத்தை உலுக்கு, கனிந்த பழம் உதிரும் என்று கீழிருந்து ஒரு குரல் கேட்கிறது. குழந்தையோடு ஊருக்குத் திரும்பும்போது மக்கள் பழி சொல்கிறார்கள். மர்யம் வாய் திறக்காமல் குழந்தையைக் காட்டுகிறார். தொட்டில் குழந்தை பேசுகிறது: நான் அல்லாஹ்வின் அடியான், எனக்கு வேதத்தைக் கொடுத்து என்னை நபியாக்கினான்.

மாதாவிடம் பக்தியுள்ள கத்தோலிக்கர் ஒருவருக்கு இதைப் படிக்கும்போது மனம் இளகாமல் இருக்காது. பிரசவ வலியில் தனித்து நிற்கும் மரியாளின் அழுகை நம் நற்செய்திகளில் இல்லாதது. ஆனால் இந்த இடத்தில்தான் நாம் அவசரப்படுகிறோம். "பாருங்கள், உங்களுக்கும் மாதா உண்டு, எங்களுக்கும் மாதா உண்டு, எல்லாம் ஒன்றுதான்" என்று முடித்துவிடுகிறோம். அந்தக் குழந்தை பேசிய முதல் சொற்றொடரே 'நான் அடியான்' என்பதுதான். நம் விசுவாச அறிக்கையின் மையத்தை அது மறுக்கிறது. ஒற்றுமை தேடும் ஆசையில் அதைக் காதில் வாங்காமல் விட்டால், நாம் இன்னும் அவர்கள் சொல்வதைக் கேட்கவே தொடங்கவில்லை.

இதற்கு இஸ்லாமிய வரலாற்றிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. மக்காவில் துன்புறுத்தப்பட்ட முதல் முஸ்லிம்களில் சிலர், ஏறத்தாழ 615இல், கிறிஸ்தவ அரசர் ஆண்ட அபிசீனியாவுக்குத் தஞ்சம் தேடிப் போனார்கள். அவர்களைப் பிடித்துக்கொண்டு போக மக்காவின் குறைஷிக் குலத்தார் தூது அனுப்பினார்கள். அரசர் நஜ்ஜாஷி முன்னால் ஜஃபர் என்ற நபித்தோழர் மர்யம் அத்தியாயத்தை ஓதினார். அரசர் தாடி நனைய அழுதார் என்கிறது மரபு. மறுநாள் தூதர்கள் விடவில்லை: ஈசாவைப் பற்றி இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள் என்று தூண்டிவிட்டார்கள். உயிர் அந்த அரசரின் கையில். கொஞ்சம் மழுப்பியிருக்கலாம். ஜஃபர் மழுப்பவில்லை. அவர் இறைவனின் அடியார், தூதர், மர்யமிடம் இடப்பட்ட அவன் வார்த்தை, அவனிடமிருந்து வந்த ஆவி என்று சொன்னார். தேவமகன் என்று சொல்லவில்லை. அரசர் அவர்களைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அடைக்கலம் தொடர்ந்தது. என் பார்வையில், மத நல்லிணக்கம் பற்றிப் பேசும் மேடைகளில் சொல்லத் தகுந்த கதை இது. வேறுபாட்டை வாய்விட்டுச் சொன்ன பிறகும் அடைக்கலம் கிடைத்த கதை.

சிலுவையில்தான் இரு மதங்களும் உண்மையாகவே பிரிகின்றன. அவர்கள் அவரைக் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை, அவர்களுக்கு அப்படித் தோன்றச் செய்யப்பட்டது, அல்லாஹ் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்று 4ஆம் அத்தியாயத்தில் (157, 158) வருகிறது. உலக முடிவுக்கு முன் ஈசா நபி திரும்ப வருவார் என்றும் முஸ்லிம்கள் நம்புகிறார்கள். 'நடந்த வரலாற்றையே மறுக்கிறார்களே' என்று நம் ஆட்கள் கோபப்படுவார்கள். கோபத்தை ஒதுக்கிவிட்டு, சிலுவை அவர்களுக்கு ஏன் தேவைப்படவில்லை என்று கேட்க வேண்டும். விடை ஆதாமில் இருக்கிறது. நம் போதனையில் ஆதாம் செய்த பாவம் மனித குலத்தையே காயப்படுத்தியது. அந்தக் காயத்தை மனிதன் தானாக ஆற்றிக்கொள்ள முடியாது. ஆகவே மீட்பர் வேண்டும். குர்ஆனில் ஆதமும் அவர் மனைவியும் தவறு செய்கிறார்கள், "எங்களுக்கே நாங்கள் அநியாயம் செய்துகொண்டோம்" என்று மன்றாடுகிறார்கள், இறைவன் மன்னித்துவிடுகிறான். பரம்பரைப் பாவம் இல்லை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதும் இல்லை. மனிதனின் சிக்கல் மறதி. அவனுக்குத் தேவை வழிகாட்டல். அதற்காகத்தான் நபிமார்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இறைவன் தன் அன்புக்குரிய நபியை எதிரிகளின் கையில் அவமானத்தோடு சாக விடமாட்டான் என்ற நம்பிக்கையும் இதில் சேர்கிறது. நமக்குச் சிலுவை கடவுள் அன்பின் உச்சம். அவர்களுக்கு ஈசா காப்பாற்றப்பட்டது கடவுள் வல்லமையின் சாட்சி. இரண்டில் ஒன்றைத்தான் நம்ப முடியும். நான் சிலுவையை நம்புகிறேன். ஆனால் எதிரே இருப்பவர் எந்தக் கடவுளின் பெருமைக்காக மறுக்கிறார் என்று தெரிந்த பிறகு, அந்த மறுப்பை அவமதிப்பாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

யாரிடம் கற்பது என்பது அடுத்த சிக்கல். நேர்ச்சை, மெழுகுவர்த்தி, வேளாங்கண்ணி என்று வளர்ந்தவருக்கு ஏர்வாடி தர்கா உடனே பிடித்துப்போகும். மதீனாவிலிருந்து வந்த சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீது அடங்கியிருக்கும் இடம். எல்லா மதத்தாரும் வருகிறார்கள். உடல் நோய்க்கும் மன நோய்க்கும் வேண்டிக்கொள்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இஸ்லாம் இதுதான் என்று முடிவு கட்டினால், அதே ஊரில் இன்னொரு முஸ்லிம், அடக்கத்தலத்தில் வேண்டுதல் வைப்பது இறைவனுக்கு இணை வைப்பது ஆகாதா என்று கேட்பார். தர்காவை மதிக்கும் சுன்னத் ஜமாஅத்துக்கும், ஓரிறைக் கொள்கையை வலியுறுத்தித் தர்கா வழிபாட்டை மறுக்கும் தவ்ஹீது சிந்தனையாளர்களுக்கும் இடையே தமிழ்நாட்டில் நீண்ட விவாதம் நடக்கிறது. சொரூபங்கள் பற்றி நமக்கும் பெந்தகோஸ்து சபையாருக்கும் இருக்கும் வாக்குவாதத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. அந்த விவாதத்தில் தீர்ப்புச் சொல்வது வெளியாளின் வேலை கிடையாது. இரண்டு தரப்பையும் அவரவர் வாயால் கேட்டால் போதும்.

மத்ஹபுகள் என்னும் மார்க்கச் சட்டப் பிரிவுகளும் உண்டு. மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி, ராவுத்தர்கள் ஹனஃபி. ஷாஃபிகள் சுபுஹுத் தொழுகையில் குனூத் என்ற வேண்டுதல் ஓதுவார்கள். ஹனஃபிகளின் அஸர் நேரம் சற்றுத் தள்ளித் தொடங்கும். இரண்டு பள்ளிவாசல்களில் பாங்கு ஏன் வெவ்வேறு நேரத்தில் கேட்கிறது என்று யோசித்தவர்களுக்கு ஒரு காரணம் இது.

கத்தோலிக்கருக்கு இதெல்லாம் திருச்சபையின் அனுமதியை மீறிய ஆர்வம் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட அறிக்கையின் 3ஆம் பிரிவு, திருச்சபை முஸ்லிம்களை மதிப்போடு நோக்குகிறது என்கிறது. அவர்கள் ஒரே கடவுளை வழிபடுகிறார்கள், இயேசுவைக் கடவுளாக ஏற்காவிட்டாலும் இறைவாக்கினராக மதிக்கிறார்கள், கன்னி மரியாளைப் போற்றுகிறார்கள் என்று எழுதுகிறது. கடந்தகாலப் பகைகளை மறந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ள உழைக்குமாறு கேட்டுக்கொள்கிறது. மறப்பது பற்றி எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. வேதாளைச் சண்டையை நம்மில் பலருக்குத் தெரியவே தெரியாது. தெரியாததை எப்படி மறப்பது? 2019 பிப்ரவரி 4 அன்று அபுதாபியில் திருத்தந்தை பிரான்சிஸும் கெய்ரோவின் அல்அஸ்ஹர் கல்விநிலையத்தின் பெரிய இமாம் அகமது அல்தய்யிபும் மனித சகோதரத்துவ ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள். அருளானந்தரின் திருநாளும் அதே தேதிதான். ஓரியூரில் அந்த நாளின் மறையுரையில் இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தடை ஒன்றுமில்லை.

இரு தரப்பிலும் ஒரு பயம் உள்ளே ஓடுகிறது: மதம் மாற்றப் பார்க்கிறார்களோ என்ற பயம். கிறிஸ்தவமும் இஸ்லாமும் தங்கள் செய்தியை எல்லோருக்கும் சொல்லக் கடமைப்பட்டவை. அதை மறைத்துக்கொண்டு பேசினால் நம்பிக்கை வராது. நற்செய்தி சொல்லும் உள்நோக்கத்தோடு இஸ்லாம் கற்கப் போகிறவர், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அல்லது அந்த நோக்கத்தை வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டும். குறிப்பெடுத்து வந்து, பிறகு அதையே வாதத்தில் ஆயுதமாக்குவது விருந்தோம்பலுக்குச் செய்யும் துரோகம். எங்கோ நடந்த குண்டுவெடிப்புக்குக் கீழக்கரைக் கடைக்காரரிடம் விளக்கம் கேட்பதும் அப்படித்தான்.

தொடங்க விரும்புகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றை வாங்கி, 12ஆம் அத்தியாயமான யூசுஃபிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரே தொடர்கதையாகச் சொல்லப்பட்ட அத்தியாயம் அது; நமக்கு ஆதியாகமம் 37 முதல் தெரிந்த கதை. வேறுபாடுகள் உடனே கண்ணில் படும்: சட்டை பின்பக்கம் கிழிந்திருப்பதை வைத்து யூசுஃப் குற்றமற்றவர் என்று தீர்ப்பாகும் காட்சி பைபிளில் இல்லை. கடைசியில் சகோதரர்களிடம் "இன்று உங்கள்மேல் எந்தப் பழியும் இல்லை" என்கிறார். 630இல் மக்காவை வென்று நுழைந்த நபிகள் நாயகம், தன்னைத் துரத்தியவர்களிடம் இதே சொற்களைச் சொன்னார் என்பது முஸ்லிம்கள் பெருமையோடு சொல்லும் செய்தி. பிறகு மர்யம் அத்தியாயம், அதற்குப் பிறகு கடைசிப் பக்கங்களில் உள்ள சிறு அத்தியாயங்கள். படிப்பதோடு யாராவது ஓதுவதையும் கேட்க வேண்டும்.

பள்ளிவாசலுக்குள் வேறு மதத்தார் வரக்கூடாது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜமாஅத்தில் முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலும் வரவேற்பார்கள். கீழக்கரைப் பழைய ஜும்ஆ பள்ளியின் கல்தூண்களைப் பார்த்தால் திராவிடக் கோயில் கட்டுமானம் நினைவுக்கு வரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நெரிசலில் போகாமல் வேறு நாளில் போவது நல்லது. உடை கண்ணியமாக இருக்கட்டும். பெண்கள் தலையை மூடிக்கொள்ளலாம். தொழும்போது பின்னால் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். மரியாதை காட்டுவதாக நினைத்து அவர்களோடு நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்ய வேண்டாம். நம்பாமல் செய்யும் சஜ்தா அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் பொய். நற்கருணை வரிசையில் ஒரு முஸ்லிம் நண்பர் மரியாதைக்காக வந்து நின்றால் நமக்கு எப்படி இருக்கும்?

நோன்பிருப்பவர் முன்னால் சாப்பிடலாமா என்று கேட்கிறார்கள். அவர்களே சாப்பிடச் சொல்வார்கள். இருந்தாலும் தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்துக்கொள்வது நம் பண்பு. விடியல் முதல் சூரியன் மறையும் வரை சொட்டு நீர்கூட இல்லை. 2025இல் மார்ச் 2 அன்று நோன்பு தொடங்கியது, மார்ச் 5 அன்று சாம்பல் புதன் வந்தது. ஒரே வெயிலில் இரண்டு சமூகமும் நோன்பில் இருந்தோம். தவக்காலத்தில் இறைச்சியை மட்டும் ஒதுக்கும் நமக்கு, பங்குனி உச்சியில் வலை இழுத்துவிட்டு உதடு காய்ந்து உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

கேட்கப் போகிறவரிடம் திருப்பிக் கேட்கவும் செய்வார்கள். முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: மூன்று எப்படி ஒன்றாகும்? கடவுள், மாதா, இயேசு என்று மூவரை வணங்குகிறோம் என்று அவர்களில் சிலர் நினைத்திருக்கலாம். நம் தேர்ப்பவனியைப் பார்த்தால் அப்படித் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. மாதாவை வணங்குவதில்லை, பரிந்துரைக்கக் கேட்கிறோம், கடவுள் ஒருவரே என்றுதான் நாங்களும் ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோம் என்று சொல்ல வரும். தந்தை, மகன், தூய ஆவி என்பதை விளக்க வரும்போது நாக்கு தடுமாறும். அதற்கு உபதேசியாரையோ பங்குத்தந்தையையோ தேடிப் போக வேண்டும். அப்படிப் போகிறவர், சிறுவயதில் மனப்பாடம் செய்து ஒப்பித்த ஞானோபதேசத்தை முதல் தடவையாகக் கேள்வியோடு படிப்பார்.